ட்வார்ஃப் ஹாம்ஸ்டர்: கூண்டும் தீனியும் எந்த அளவில் வேண்டும்?

புதுவரவு:
அடுத்த வாரம் வீட்டுக்கு இரண்டு ட்வார்ஃப் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி இருக்கிற குட்டி வளர்ப்புப் பிராணி) வருது. இரண்டும் பெண், ஏழு வார வயசு. 40 × 25 செ.மீ. இரண்டு மாடிக் கம்பிக் கூண்டு, 12 செ.மீ. சக்கரம், பைன் மரத்தூள், படுக்கைக்குப் பஞ்சு, சூரியகாந்தி விதை நிறைய கலந்த தீனி, இவ்வளவும் கைவசம் இருக்கு. இது போதுமா? தீனி தினமும் எவ்வளவு? தண்ணியில குளிப்பாட்டலாமா?

வளைதோண்டி:
கூண்டை முதலில் மாற்றுங்கள். தரைப்பரப்பு 100 × 50 செ.மீ. இருந்தால் நல்லது. மாடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இவற்றுக்குக் கண்பார்வை குறைவு, உயரத்திலிருந்து தவறி விழும். கம்பி இடைவெளி 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் குட்டிகள் நுழைந்து வெளியேறிவிடும். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டி இந்தக் கவலையைத் தீர்க்கும்.

பைன் தூள் வேண்டாம், அதன் வாசனைப் பொருட்கள் மூச்சுக்குழாயை உறுத்தும். வாசனை சேர்க்காத காகிதத் துகளோ ஆஸ்பென் மரத்தூளோ 20 செ.மீ. உயரத்துக்குக் கொட்டி, இடையிடையே உலர்புல் பரப்பி, அடுக்கடுக்காக அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் வளை நிற்காது. சக்கரம், மணல் தட்டு போன்ற கனமானவற்றை அந்தத் துகள்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. அடியில் தோண்டும்போது சரிந்து ஹாம்ஸ்டரை நசுக்கிவிடும். தொட்டியின் தரையில் ஊன்றிய கால்கள் உள்ள பலகைமேல் வையுங்கள்.

12 செ.மீ. சக்கரத்தில் முதுகு வளைந்தபடி ஓடும். 16 முதல் 20 செ.மீ. வேண்டும், ஓடுபாதையில் இடைவெளி இருந்தால் கால் சிக்கும். பஞ்சை எறிந்துவிடுங்கள்: இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டாலே கூடு கட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குளியல் கூடவே கூடாது, உடம்பு சில்லிட்டுவிடும். தூசியில்லாத மணலை 3 செ.மீ. ஆழத்துக்கு வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். மாவு போன்ற குளியல் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

விதைமணி:
தீனி: ஒன்றுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன், ஓடியாடுவதைப் பார்த்து ஒன்றரை. புரதம் 17–20%, கொழுப்பு 5–7% உள்ள கலவையாகப் பாருங்கள். கிண்ணம் காலியானதும் மறுபடி நிரப்பாதீர்கள். பாதி கன்னப்பையில் ஏறி வளைக்குள் போயிருக்கும். கிண்ணத்தைவிடத் துகள்மேல் தூவுவது நல்லது, தேடித் தின்னும். சூரியகாந்தி விதை வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

முக்கியமாகச் சர்க்கரை. ட்வார்ஃப் ஹாம்ஸ்டரில் கேம்பல் என்ற வகைக்கும் அதன் கலப்பினங்களுக்கும் நீரிழிவு எளிதில் வரும். பழம், தேன் தடவிய குச்சி, தயிர் மிட்டாய் எதுவும் வேண்டாம். வெள்ளரி, ப்ரோக்கோலி நகக்கண் அளவு, வாரம் இருமுறை. மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். அவித்த முட்டை வெள்ளைக்கரு பட்டாணி அளவு தரலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகை, சாக்லேட் கூடாது.

ஒரு கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 40 கிராம் உயிருக்கு 4 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு என்று அர்த்தம். நன்றாகத் தின்றும் இளைக்கிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, படுக்கை எப்போதும் ஈரம் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். தண்ணீர் பாட்டிலின் குழாய் நுனியில் உள்ள சிறு குண்டு சிக்கிக்கொள்ளும், தினமும் விரலால் தட்டிப் பாருங்கள்.

வளைதோண்டி:
இரண்டு என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அக்கா தங்கையே ஆனாலும் பருவம் வந்ததும் சண்டை வரலாம். எல்லாமே இரண்டிரண்டு வையுங்கள், ஒரே வாசல் உள்ள வீடு வேண்டாம். ரத்தக் காயம் தெரிந்தாலோ, ஒன்று மற்றதைத் தீனியிடம் விடாவிட்டாலோ பிரித்துவிடுங்கள், திரும்பச் சேர்க்காதீர்கள். அதற்கான தொட்டி இப்போதே தயாராக இருக்கட்டும். பெண்தானா என்று மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். இந்த வயதில் தவறு சகஜம், சினைக்காலமோ மூன்று வாரம்தான்.

புதுவரவு:
ரொம்ப நன்றிங்க. தொட்டி இரண்டாவே வாங்கிடறேன். துகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாத்தணும்?

விதைமணி:
சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளுங்கள். மற்றதில் மூன்றில் ஒரு பங்கு, மாதத்துக்கு ஒருமுறை. கூட்டைக் கலைக்காதீர்கள், சொந்த வாசனை மொத்தமாகப் போனால் மிரளும், சேர்ந்திருப்பவை கடித்துக்கொள்ளவும் கூடும்.