ஐ-ஸ்கொயர் 94% காட்டுது, ரெவ்மேன் மென்பொருள்ல எங்கே போய்ப் பார்க்கணும்?

சேலம்_பி.ஜி:
வணக்கம். சமூக மருத்துவம் தீசிஸ். வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைப்பதா, கையில் கொடுத்தனுப்புவதா என்று மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவது) போடுகிறேன். 6 ஆய்வுகள், அளவு ஹீமோகுளோபின் (கிராம்/டெசிலிட்டர்). ஐ-ஸ்கொயர் (ஆய்வுகளின் முடிவு ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகலை என்ற அளவு) 94% வருது. இடிக்கிற மாதிரி தெரியுற வரிகள்:
3வது: 10.9 ± 0.14 எதிர் 10.4 ± 0.14, குழுவுக்கு 72 பேர்.
5வது: ஊர் ஊராக ராண்டமைஸ் செய்தது (குலுக்கிப் பிரித்தது). 16 ஊர், மொத்தம் 320 பேர்.
6வது: மூன்று குழு. ஆசிரியர் முன்னால், ஆஷா (கிராம சுகாதாரப் பணியாளர்) முன்னால், வீட்டுக்கு. வீட்டுக்குக் கொடுத்த 60 பேரோடு தனித்தனியா ஒப்பிட்டு ரெண்டு வரியா ஏத்தியிருக்கேன்.
இது முடிந்ததும் ஏற்காடு மலை ஊர்களில் இதையே ட்ரயலாகச் செய்ய எண்ணம்.

கருப்பூர்_கார்த்தி:
ராண்டம் எஃபெக்ட்ஸ் மாடல் (ஆய்வுக்கு ஆய்வு உண்மையான பலன் மாறலாம்னு கொள்றது) போடுங்க, சரியாயிடும்.

ஆத்தூர்_பயோஸ்டாட்:
ஆகாதுங்க. மாடலை மாத்தினா ஐ-ஸ்கொயர் அப்படியேதான் இருக்கும், சி.ஐ. (நம்பிக்கை இடைவெளி) மட்டும் அகலமாகும். முதல்ல உள்ளே போன எண்ணைப் பாருங்க.

3வது வரியில் ± க்குப் பின்னால் இருப்பது எஸ்.டி. (ஆளுக்கு ஆள் உள்ள சிதறல்) இல்லை, எஸ்.இ. (சராசரியின் பிழை அளவு). பெண்களின் ஹீமோகுளோபினுக்கு எஸ்.டி. 1.1, 1.3 என்றுதான் வரும், 0.14 என்றால் 72 பேருக்கும் ஏறக்குறைய ஒரே ரத்தம் என்று அர்த்தம். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடுங்கள். எஸ்.இ.யை √72 ஆல் பெருக்குங்கள்: 0.14 × 8.49 = 1.19. மத்த ஆய்வுகளோடு ஒத்துப்போகுதா? இப்போதைக்கு அந்த வரியின் சி.ஐ. 0.45 முதல் 0.55 வரை நிற்கும். திருத்தினால் 0.11 முதல் 0.89. ஃபிக்ஸ்டு எஃபெக்டில் (உண்மையான பலன் எல்லா ஆய்விலும் ஒன்றே என்று கொள்ளும் மாடல்) அந்த ஆய்வுக்கு உரியதைப்போல 72 மடங்கு எடை போய்க்கொண்டிருந்தது. ஐ-ஸ்கொயர் எகிறாமல் என்ன செய்யும்?

சி.ஐ. மட்டும் கொடுத்த ஆய்வு இருந்தால்: (மேல் எல்லை − கீழ் எல்லை) ÷ 3.92 × √எண்ணிக்கை. குழுவில் 60 பேருக்குக் குறைவென்றால் 3.92 கூடாது, டி-அட்டவணை எண்ணைப் போடணும். 25 பேருக்கு 3.92க்குப் பதில் 4.13. அந்த சி.ஐ. குழுவின் சராசரிக்கானதா, வித்தியாசத்துக்கானதா என்று பார்க்காமல் இந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள்.

6வது ஆய்வில் அந்த 60 பேரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள். 30, 30 ஆகப் பிரியுங்கள், சராசரியும் எஸ்.டி.யும் அப்படியே, எண்ணிக்கை மட்டும் பாதி. உங்கள் கேள்விக்கு ஆசிரியரா ஆஷாவா என்பது முக்கியமில்லை என்பதால், அந்த ரெண்டு குழுவையும் ஒன்றாக்கி ஒரே வரியாகப் போடுவது இதைவிட நல்லது. ரெவ்மேன் கால்குலேட்டரே செய்யும். எஸ்.டி.க்கு மட்டும் சும்மா சராசரி எடுத்துவிடாதீர்கள்.

மலையடிவாரம்:
5வதுக்கு நான். ஊருக்கு 20 பேர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சோறு, ஒரே தண்ணி, அதனால் 320 பேர் 320 தனி ஆள் ஆக மாட்டார்கள். டிசைன் எஃபெக்ட் (எண்ணிக்கையை எத்தனையால் வகுக்கணும் என்பது) = 1 + (20 − 1) × ஐ.சி.சி. (ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு). ஐ.சி.சி. 0.05 என்றால் 1.95. 320 ÷ 1.95 = 164, அதாவது குழுவுக்கு 82. கட்டுரையிலேயே கிளஸ்டருக்கு, அதாவது ஊர்த் தொகுதிக்கு, சரிசெய்த சி.ஐ. இருந்தால் இதெல்லாம் வேண்டாம், அதையே எடுங்கள். ரெண்டு தடவை திருத்திவிடக் கூடாது. ஐ.சி.சி. சொல்லவில்லை என்றால் அதே மாதிரி ஆய்விலிருந்து கடன் வாங்கி, 0.01, 0.05, 0.10 மூன்றுக்கும் ஓட்டிக் காட்டுங்கள் (டிசைன் எஃபெக்ட் 1.19, 1.95, 2.90).

ஏற்காடு ட்ரயலுக்கும் இதே கணக்குதான். ஊரைக் கூட்டுங்கள், ஊருக்குள் ஆளைக் கூட்டாதீர்கள். ஐ.சி.சி. 0.05 இல் ஒரு ஊரில் 50 பேர் எடுத்தால் 14.5 பேருக்குச் சமம். 200 பேர் எடுத்தாலும் 18 தான். எந்த ஊருக்கு எந்த முறை என்று குலுக்கிப் போடுவதற்கு முன்பே பெண்களின் பட்டியலை மூடிவிடுங்கள். ஊருக்கு எது விழுந்தது என்று தெரிந்த பிறகு ஆள் சேர்த்தால், சேர்ப்பவர் கை தானாகச் சாயும். ட்ரயலின் சாய்வை மதிப்பிடும் ஆர்.ஓ.பி.-2 கருவியின் கிளஸ்டர் பதிப்பில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு.

சேலம்_பி.ஜி:
ரொம்ப நன்றிங்க. மூணையும் திருத்தினேன், 38% க்கு வந்துடுச்சு. இனி ஃபிக்ஸ்டு எஃபெக்டுக்கே மாத்திடலாமா?

ஆத்தூர்_பயோஸ்டாட்:
வேண்டாங்க. ப்ராஸ்பெரோவில் (ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதியும் தளம்) எந்த மாடல் எழுதினீர்களோ அதுவே. ஐ-ஸ்கொயரைப் பார்த்து மாடல் மாத்துவது, மார்க்கைப் பார்த்துவிட்டு வினாத்தாள் எழுதுகிற மாதிரி. இந்த ஆய்வுகளில் வயசு, டோஸ், கால அளவு எல்லாம் வேறுவேறாக இருக்கும், ராண்டம் எஃபெக்ட்ஸே பொருந்தும். ஆறே ஆய்வு என்பதால் ஐ-ஸ்கொயரையும் ரொம்ப நம்பாதீர்கள். டாவ்-ஸ்கொயரும் (ஆய்வுகளுக்கிடையே உள்ள மாறுபாடு) சேர்த்து எழுதுங்கள். எஸ்.இ.யை மாற்றியது, குழுக்களைச் சேர்த்தது, ஐ.சி.சி. கடன் வாங்கியது எல்லாம் பிரிஸ்மா 2020 (மெட்டா அனாலிசிஸ் அறிக்கைக்கான சரிபார்ப்புப் பட்டியல்) இன் 13பி உருப்படியில் வரவேண்டும். பதிவு செய்ததிலிருந்து விலகியிருந்தால் 24சி.

மலையடிவாரம்:
ஏற்காடு என்பதால் இன்னொன்று. ஊர் சுமார் 1500 மீட்டர், சேலம் 300க்கும் கீழே. உயரத்தில் ஹீமோகுளோபின் தானாகக் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி 1500 மீட்டரில் 0.5 கழிக்கணும், 2024 வழிகாட்டியில் 1500 முதல் 1999 வரை 1.1. சராசரி வித்தியாசம் மட்டும் பார்த்தால், ரெண்டு குழுவும் ஒரே உயரத்தில் இருக்கிறவரை தொல்லை இல்லை. 'ரத்தசோகை உண்டா, இல்லையா' என்பதை முடிவாக வைத்தாலோ, 12க்குக் கீழே இருப்பவரை மட்டும் சேர்த்தாலோ வினை வரும்: திருத்தாத 12.3 இல் நிற்கிற பெண் 2024 கணக்கில் 11.2. எந்த அட்டவணை என்பதை நெறிமுறையிலேயே எழுதிவிடுங்கள். அடிவார ஊரும் மேல் ஊரும் கலந்தால் உயரத்தை வைத்து ஸ்ட்ராட்டிஃபை செய்து (தனித்தனி அடுக்காகப் பிரித்து) குலுக்குங்கள். சி.டி.ஆர்.ஐ. (இந்திய ட்ரயல் பதிவேடு) பதிவு முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் பதிய விடுவதில்லை.