வாசல் முன்னாடி வெறும் தரை, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: தாம்பரம் பக்கம் புது வீடு, கிழக்கு வாசல். முன்னாடி 20-க்கு 12 அடி இடம். கொத்தினா ஜல்லியும் சிமெண்ட் கட்டியும்தான் வருது. புல்லும் நாலு பூச்செடியும் வைக்கணும். தோட்டத்துக்குப் புதுசு. முதல்ல என்ன செய்யணும்?

பதில் 1: நர்சரிக்கு இப்போ போகாதீங்க, முதல் வேலை மண்தான். ஒரு அடி ஆழம் கொத்தி, இடிபாட்டை மொத்தமா அள்ளிடுங்க. சிமெண்ட் கலந்த மண்ணுல காரத்தன்மை ஏறும், வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. இட்லிப்பூ செடியில அது சீக்கிரம் தெரியும்: நரம்பு பச்சையா இருக்க, இடையில இலை மஞ்சளாகும். யூரியா போட்டுத் தீராது.

அரை அடி செம்மண் நிரப்ப 120 கன அடி வேணும். தண்ணி விட்டா அமுங்கும், அதனால ஒன்றரை யூனிட் (150 கன அடி) இறக்குங்க. மூணு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நல்லா மக்கின தொழுவுரம். 10 அடிக்கு ரெண்டு அங்குலமாவது தெருப்பக்கம் சரிவு வேணும். இல்லேன்னா ஐப்பசி மழைத் தண்ணி சுவரடியில நிக்கும்.

பதில் 2: மண் போட்டதும் புல் பதிக்காதீங்க. ரெண்டு வாரம் சும்மா தண்ணி விடுங்க, கோரை முளைக்கும். இலையை இழுத்தா கையோட வந்துடும், கறுப்புக் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். களைக்கொத்தியால கிழங்கோட எடுங்க.

மதியத்துக்கு மேல நிழல்னா கொரியன் புல் சரிவராது, பஃபலோ புல் போடுங்க.

பதில் 3: செம்பருத்திக்கு 4 அடி இடைவெளி விடுங்க. நடும்போது பாலித்தீன் கவரைக் கிழிச்சு, சுருண்ட வேரைப் பிரிச்சு விடணும். செப்டிக் டேங்க், சம்ப் பக்கத்துல மரம் வேண்டவே வேண்டாம்.