ஸ்பிரிங் விறைப்பானால் அப்சார்பர் எந்த அளவுக்கு விறைப்பாக வேண்டும்?

கேள்வி: பிடோக் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய ஜப்பானிய செடான் காருக்கு வயது பதினொன்று. சென்ற ஆண்டுதான் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தேன். காரைச் சற்றுத் தாழ்த்த ஆசைப்பட்டு, இரண்டு மாதங்களுக்கு முன் முன்பக்கத்தில் '4 கேஜி' (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4 கிலோ விசை தேவைப்படும்) ஸ்பிரிங்குகளைப் பொருத்தினேன். பழையவை மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர்கள் கார் வாங்கியபோது இருந்தவையே.

இப்போது எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வேகத்தடையைத் தாண்டியபின் முன்பக்கம் இரண்டு முறை எழுந்து அமர்கிறது. பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் இணைப்புகளில் போகும்போது படகில் போவதுபோல் இருக்கிறது. பொருத்திக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், இருப்பதிலேயே மிகவும் விறைப்பான அப்சார்பரைப் போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். ஸ்பிரிங் 1.6 மடங்கு விறைப்பானால் அப்சார்பரும் 1.6 மடங்கு விறைப்பாக வேண்டுமா? இதற்குக் கணக்கு உண்டா?

பதில்: பொறியாளன்

கணக்கு உண்டு, ஆனால் அது 1.6 அன்று. தேவையான தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் திறன்), ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயர்கிறது. 1.6-இன் வர்க்கமூலம் 1.265. ஆகவே பழைய அப்சார்பர் புதியதாக இருந்தபோது கொடுத்த தணிப்பைவிட ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுதலாக இருந்தாலே, கார் முன்பு அடங்கிய அதே விதத்தில் அடங்கும்.

உங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். முன்சக்கரம் ஒன்றின்மீது 340 கிலோ இறங்குகிறது என்றும், அதில் சக்கரம், பிரேக் முதலியவற்றின் எடை 40 கிலோ என்றும் வைத்தால், ஸ்பிரிங் தாங்குவது 300 கிலோ. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சற்றுச் சாய்ந்து நிற்பதால் சக்கரம் 1 மில்லிமீட்டர் எழும்போது ஸ்பிரிங் 0.95 மில்லிமீட்டர்தான் அமுங்கும் எனக் கொள்ளலாம். இந்த விகிதத்தை வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2.5 கேஜி என்பது மில்லிமீட்டருக்கு 24.5 நியூட்டன், சக்கரத்தில் அது 22.1 ஆகிறது. முன்பக்கத்தின் இயல்பு அதிர்வெண், அதாவது அது தானே நொடிக்கு எத்தனை முறை எழுந்து அமரும் என்பது, 1.37 ஹெர்ட்ஸ். 4 கேஜி ஸ்பிரிங்கில் அது 1.73 ஹெர்ட்ஸாகிறது. முதலாவது சாதாரணக் குடும்பக் காரின் அளவு. இரண்டாவது ஸ்போர்ட்ஸ் காரின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

தணிப்பு விகிதம் (1 என்றால் ஒருமுறைகூட ஆடாமல் அடங்கும்) முதலில் 0.3 என்றிருந்தால், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியதும் 0.24-க்கு இறங்கும். இங்கேதான் எனக்கு ஓர் ஐயம். 0.24 என்பது சொகுசை முதன்மையாகக் கொண்ட கார்களில் காணக்கூடிய அளவு. அதனால் மட்டும் கார் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு முறை எழுந்து அமராது. பதினோராண்டு ஓடிய அப்சார்பர் தன் தணிப்பில் பெரும்பகுதியை முன்பே இழந்திருக்க வேண்டும். பழைய மென்மையான ஸ்பிரிங் அதை மறைத்து வைத்திருந்தது. புதிய ஸ்பிரிங் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்சார்பர் விற்பவரிடம் விசைப் பட்டியலைக் கேளுங்கள். 0.3 விகிதத்தையே தொடர விரும்பினால், தண்டு நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் நகரும்போது, அமுக்கத்துக்கும் (தண்டு உள்ளே போகும்போது) மீள்வுக்கும் (வெளியே வரும்போது) சராசரியாக 650 நியூட்டன் வேண்டும். பழையது புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 515. அந்த 650-ஐச் சரிபாதியாகப் பங்கிடக் கூடாது. அமுக்கத்துக்கு 370, மீள்வுக்கு 930 என்பதுபோல் இருப்பது நல்லது. அமுங்கிய ஸ்பிரிங் தான் சேமித்த ஆற்றலைத் திருப்பித் தரும்போது அதைப் பிடித்து நிறுத்துவது மீள்வுப் பக்கம்தான்; அமுக்கப் பக்கத்தைக் கூட்டினால் ஒவ்வொரு மேட்டின் இடியும் நேரே இருக்கைக்கு வந்து சேரும்.

பதில்: காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்

மேலே உள்ள கணக்கை நான் ஏற்கிறேன். என்றாலும், விசை சரியாக இருந்தும் நீளம் பொருந்தாத அப்சார்பரைப் போட்டுவிட்டுத் திரும்பி வருபவர்களே என்னிடம் அதிகம்.

கார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால், அப்சார்பர் தண்டு அமுங்குவதற்கு இருந்த இடத்திலும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. பிறகு சிறிய பள்ளத்திலேயே தண்டு ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். ஓட்டுபவரோ ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே தாழ்த்திய காருக்கென்று நீளம் குறைத்துச் செய்தவற்றையே வாங்குங்கள். பில்ஸ்டைன் நிறுவனத்தின் அப்சார்பர்களில் பி6 வழக்கமான உயரத்துக்கு, பி8 தாழ்த்திய உயரத்துக்கு. கோனி நிறுவனத்தின் மஞ்சள் வகையில் மீள்வுத் தணிப்பை மட்டும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். உங்கள் நிலைக்கு அது வசதி. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுவதும் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து ஆடினால் அந்த ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் சேர்த்து வைத்து ஓட்டவே கூடாது.

பதில்: ஜொகூர் பயணி

'மிகவும் விறைப்பான அப்சார்பர்' என்ற அறிவுரையைக் கேட்டு நடந்தவன் நான். மீள்வைக் கடைசிப் புள்ளிவரை திருகி வைத்துக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனேன். அடுத்தடுத்து மேடு பள்ளங்கள் வந்தபோது, அமுங்கிய சக்கரம் முழுவதும் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. கார் படிப்படியாகத் தாழ்ந்து தடுப்பில் உட்கார்ந்துவிட்டது. வீடு திரும்பி நான்கில் ஒரு பங்கு திருப்பிக் குறைத்தபின்தான் என் மனைவி மீண்டும் அந்தக் காரில் ஏறினார்.

கேள்வி: பிடோக் ஓட்டுநர்

மூவருக்கும் நன்றி. பின்பக்கத்துக்கும் 4 கேஜி ஸ்பிரிங் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே டார்ஷன் பீம் அச்சு (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கத்துக்கு இணங்கும் குறுக்குச்சட்டம்). அதற்கும் இதே கணக்குதானா? வார இறுதியில் என் பெற்றோர் பின்னிருக்கையில் அமர்ந்து வருவார்கள்.

பதில்: பொறியாளன்

சூத்திரம் ஒன்றே, எண்கள் வேறு. உங்கள் அச்சில் ஸ்பிரிங் சக்கரத்தைவிட உட்புறமாக, அப்சார்பர் தனியே சக்கரத்துக்கு அருகில் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் விகிதத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும். ஸ்பிரிங்கின் விகிதம் 0.7 என்றால், அதன் வர்க்கம் 0.49, 4 கேஜி ஸ்பிரிங் சக்கரத்தில் 2 கேஜியாகத்தான் வேலை செய்யும்.

பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால், மேட்டைக் கடந்தபின் கார் முன்னும் பின்னும் குதிக்காமல் சமமாக அடங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி செய்த ஆய்வுகளிலிருந்து வந்த நடைமுறை இது. பெற்றோர் ஏறினால் எடை கூடி அதிர்வெண் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவதற்கு முன் அந்த ஸ்பிரிங்கை ஒர்க்‌ஷாப்பின் அழுத்தக் கருவியில், விசைமானியுடன் 10 மில்லிமீட்டர் படிகளாக அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் முயல வேண்டாம். சுருள்களின் இடைவெளி ஒரே அளவில் இல்லையென்றால் விறைப்பு போகப்போகக் கூடும். அப்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, பெற்றோர் அமர்ந்த நிலையில் கார் நிற்கும் உயரத்தில் கிடைத்த எண்ணைக் கணக்கில் இடுங்கள்.