டெப்போ ஊசிக்கு வராமல் நின்றவர் வீட்டுக்குப் போகும்போது

சாரல்மழை கேட்டது:

வணக்கம். பொது வார்டிலிருந்து மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மாறி வந்திருக்கிறேன். பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையம்) மாதாமாதம் நடக்கும் மனநல ஓபியில் (புறநோயாளர் பிரிவு) ஊசிக்கு வராமல் நின்றுவிட்டவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என் வேலை. ஊசி போடத் தெரியும். வீட்டுக்குள் போய் என்ன பேசுவது, எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த வாரம் பார்க்க வேண்டியவர் மனச்சிதைவு நோய்க்கு ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் என்ற டெப்போ ஊசியை (வாரக்கணக்கில் உடம்பில் நின்று வேலை செய்வது) 25 மி.கி., 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தவர். வயது முப்பதுக்கு மேல், கட்டட வேலை. கடைசி ஊசி போட்டு 9 வாரம் ஆகிவிட்டது. ஃபோனில் அம்மா சொன்னது: "அவன் நல்லாத்தான் இருக்கான் சிஸ்டர், ஊசி போட்டாத்தான் ஒரு மாதிரி ஆயிடுறான்."

கையோடு ஊசியைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுவிடலாமா? விட்டுப்போன டோஸையும் சேர்த்துப் போட வேண்டுமா? வேண்டாம் என்று அவர் மறுத்தால்? சாப்பாட்டில் மாத்திரை கலந்து தரலாமா என்றும் அம்மா கேட்கிறார்.

வைகைக்கரை நர்ஸ்:

சிஸ்டர், அந்த அம்மா சொன்ன வாக்கியத்திலேயே பாதி பதில் இருக்கிறது. "ஊசி போட்டா ஒரு மாதிரி ஆயிடுறான்" என்று வீட்டில் சொன்னால் அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். என்ன மாதிரி, எத்தனையாவது நாளில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். முதல் நாலைந்து நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, கண் மேலே சொருகியது, நாக்கு தடித்தது என்றால் அது தசை இறுக்கம். "உட்காரவே மாட்டேங்கிறான், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறான், ராத்திரி காலைக் காலை ஆட்டுறான்" என்றால் அகதீசியா, அதாவது மருந்தால் வரும், ஓரிடத்தில் இருக்கவிடாத பதற்றம். நான் அதிகம் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றித்தான். வீட்டார் கண்ணுக்கு அது நோய் முற்றியது போலத் தெரியும். நாமும் அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் டோஸைக் கூட்டச் சொன்னால் அவஸ்தை இரட்டிப்பாகும். அந்தப் பதற்றம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் உண்டு. ஆகவே அதையும் நேராகவே கேளுங்கள்: "இந்தப் படபடப்புல செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அகதீசியாவைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். எதிரே உட்காரவைத்து 2 நிமிடம் பேச்சுக் கொடுங்கள். கண் அவர் பாதத்தில் இருக்கட்டும். குதிகால் எழும்பி எழும்பி இறங்கும், கால்மேல் கால் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு 2 நிமிடம் பாருங்கள். ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றி, நின்ற இடத்திலேயே நடப்பது போல இருக்கும். அதன் பிறகு, "உள்ளுக்குள்ள பதறுதா, காலை அசைக்காம இருக்க முடியுதா?" என்று கேளுங்கள். வெளியே ஆட்டம் அடங்கியிருந்தாலும் உள்ளே பதறுவதாகச் சொல்பவர்கள் உண்டு. 9 வாரம் ஊசி இல்லாததால் இன்று ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்போது ஊசி போட்ட அந்த முதல் வாரத்தைப் பற்றியே விசாரியுங்கள்.

எல்லோருக்கும் பழக்கத்தில் பக்கவிளைவுக்கான ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை எழுதிக்கொடுத்திருப்பார்கள். தசை இறுக்கத்துக்கும் கை நடுக்கத்துக்கும் அது கேட்கும்; அகதீசியாவுக்குப் பெரிதாகக் கேட்காது. அதற்கு டோஸைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோ, ப்ரொப்ரனலால் சேர்ப்பதோதான் வழி. டாக்டரிடம் சொல்லும்போது அவருக்கு ஆஸ்துமா உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இருந்தால் ப்ரொப்ரனலால் கூடாது.

அடுத்து, "நல்லாத்தான் இருக்கான்" என்பது. அது உண்மையாகவும் இருக்கும். தொடர்ந்து போட்டு வந்த டெப்போ, நிறுத்திய மறுவாரமே உடம்பை விட்டுப் போய்விடாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். நோய் திரும்புவது பெரும்பாலும் அதற்கும் பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்து. அதற்குள் "ஊசி இல்லாமலே சரியாயிட்டான்" என்று வீடு முடிவு கட்டிவிடும். இதைச் சண்டையாக்காமல் விளக்குங்கள். "போன தடவை உடம்பு கெடுறதுக்கு முன்னாடி முதல்ல என்ன மாறுச்சு?" என்று அம்மாவிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். பலருக்கும் முதலில் போவது தூக்கம். சிலர் குளிப்பதை விடுவார்கள், சிலர் வீட்டுச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவார்கள். அந்த ஒருவருக்கு உரிய முதல் அறிகுறி எது என்று தெரிந்துவிட்டால், அது வந்த அன்றே ஃபோன் செய்யச் சொல்லலாம்.

நிறுத்தியதற்குக் காரணம் பக்கவிளைவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கட்டட வேலைக்காரருக்கு ஓபி நாள் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஓபி செவ்வாய்க்கிழமை காலை என்றால், அவர் மாலை 5 மணிக்கு வந்தாலும் போடுவதற்கு ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பிஎச்சியில் கேட்டுப் பாருங்கள். ஆண்களில் சிலர் தாம்பத்தியக் குறையால் நிறுத்துவார்கள். நம்மிடம் வாய் திறக்க மாட்டார்கள். ஆண் ஊழியரோ டாக்டரோ கேட்டால் சொல்வார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது, பால் சுரப்பது உண்டு. கர்ப்பம் என்று நினைத்து பயந்துபோய் நிறுத்தியிருப்பார்கள்.

முதல் தடவை ஊசியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். வாசலில் நின்று சத்தமாக "மனநலத் திட்டத்துலேர்ந்து வர்றோம்" என்று சொல்ல வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் போங்கள். கதவுப் பக்கமாக உட்காருங்கள். அவர் குடித்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மஞ்சள்பெட்டி:

ஊசி பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

விட்டுப்போன டோஸைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது. 9 வாரம் என்பது இரண்டு நாள் தாமதம் போல இல்லை. போவதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் பேசி, எத்தனை மி.கி. என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடைவெளி நீண்டுவிட்டால் புதிதாகத் தொடங்குவது போல 12.5 மி.கி. சோதனை டோஸ் கொடுத்து ஒரு வாரம் கவனிக்கச் சொல்வார்கள், அல்லது இடையில் மாத்திரை சேர்ப்பார்கள். முன்பு பக்கவிளைவு வந்தவர் என்றால் மருந்தையே மாற்றலாம். டெப்போ உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதை எப்போதும் மனதில் வையுங்கள்.

இந்த மருந்து நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டது. எள் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். ஊசியும் சிரிஞ்சும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கலங்கிப்போகும். ஸ்பிரிட்டால் துடைத்த தோலும் காயட்டும். 21 கேஜ், ஒன்றரை அங்குல ஊசி வேண்டும். எண்ணெய் மருந்து மெல்லிய ஊசியில் இறங்காது. நீளம் குறைந்த ஊசி என்றால் கொழுப்பிலேயே தங்கிக் கட்டியாகிவிடும்.

புட்டத்தின் மேல் வெளிப்பகுதி, முடிந்தால் இடுப்புப் பக்கவாட்டுத் தசை. இடது கைவிரலால் தோலை 2, 3 செ.மீ. ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே செங்குத்தாகக் குத்துங்கள். லேசாகப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா பாருங்கள். 1 மி.லி. இறங்க 10 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இன்னொரு 10 வினாடி ஊசியை அப்படியே வைத்திருந்து, உருவிய பிறகு இழுத்த தோலை விடுங்கள். எண்ணெய் வந்த வழியே திரும்பிக் கசியாமல் அடைபட்டுவிடும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். வீட்டில் பாசத்தோடு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தேய்த்துவிடுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வலம், இடம் எது என்று கார்டில் எழுதி அடுத்த முறை பக்கம் மாற்றுங்கள்.

தசை இறுக்கம் வந்தால் கொடுக்க ப்ரொமெதசின் ஊசி பையில் இருக்கட்டும், அதற்கும் டாக்டரின் எழுத்து உத்தரவு முன்கூட்டியே வேண்டும். கடும் காய்ச்சல், உடம்பு கட்டைபோல விறைப்பது, வியர்வை, குழப்பம் நான்கும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108. இதை அம்மாவுக்கு வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஊசிமுனையை மூடியால் மறுபடி மூடாமல் வெள்ளை நிறக் குத்தாத டப்பாவில் போட்டு, பிஎச்சிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுக் குப்பையில் விடக் கூடாது.

சாரல்மழை:

மிக்க நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன். முதல் தடவை ஊசி இல்லாமல் போய்ப் பார்த்துவரச் சொன்னார். சாப்பாட்டில் கலப்பது பற்றியும், அவர் மறுத்தால் என்ன செய்வது என்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கீழத்தெரு சமூகப்பணியாளர்:

கலக்கச் சொல்லாதீர்கள். முதல் காரணம் டோஸ். பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இதே நோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் திரவ மருந்தை டீயில் கலக்கவே கூடாது. நம் வீடுகளில் முதலில் கலப்பதே டீயில்தான். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. "சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்க" என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். ஒருநாள் தம்ளர் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிவிட்டோம். அதற்குப் பிறகு அம்மா கையால் சாப்பிட மாட்டார். மூன்றாவது, அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் பக்கவிளைவு வந்தாலும் எதனால் என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவைக் குற்றவாளி மாதிரி பேசிவிடாதீர்கள். ராத்திரி தூங்காமல் மகனைப் பார்த்துக்கொள்கிறவர் வேறு வழி தெரியாமல் கேட்கிறார். அவரிடம் தனியாகக் கால் மணி நேரமாவது உட்காருங்கள்.

மறுப்பது பற்றி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, சிகிச்சை பற்றிச் சொல்வதை அவர் புரிந்துகொண்டு, ஏற்றாலும் மறுத்தாலும் என்ன ஆகும் என்று உணர்ந்து, தன் முடிவைத் தெரிவிக்க முடிந்தால், முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறது. நோய் இருப்பதாலேயே அது இல்லை என்று ஆகிவிடாது. அப்படிப்பட்டவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டு வீட்டில் ஊசி போடுவது கூடாது. அப்படிப் போட்டால் அடுத்த மாதம் நீங்கள் தெருமுனையில் வரும்போதே பின்வாசல் வழியாகப் போய்விடுவார். "ஊசி வேணாம்னா மாத்திரைக்கு மாறலாமா? அளவைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கவா? 15 நாள் கழிச்சு வந்து சும்மா பேசிட்டுப் போகட்டுமா?" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குச் சம்மதித்தாலும் தொடர்பு அறுபடாது.

உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் காயம் வரும் நிலை என்றால் அது வேறு. சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி பதிவுபெற்ற மருத்துவர் யாரும் அவசர சிகிச்சை தரலாம். 72 மணி நேரம் வரைதான், அதற்குள் மனநல மருத்துவமனையில் பரிசோதனை நடந்துவிட்டால் அதோடு சரி. மருத்துவர் என்பதைக் கவனியுங்கள், நர்ஸ் தானாக முடிவெடுக்க இதில் இடமில்லை. முன்கூட்டிய உத்தரவு (தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற எழுத்து) எழுதிவைத்திருக்கிறாரா, நியமனப் பிரதிநிதி (தன் சார்பில் முடிவெடுக்க உதவ அவர் நியமித்தவர்) யார் என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டுக் கார்டில் எழுதிவிடுங்கள்.

வீட்டில் காலில் சங்கிலியோ கயிறோ பார்த்தால் அதைப் பார்க்காததுபோல வந்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு முற்றிலும் தடைசெய்கிறது. எதற்குப் பயந்து கட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டு அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

நோய் 2 வருடத்துக்கு மேல் இருந்து வேலைக்குச் சரியாகப் போக முடியவில்லை என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் வழிசெய்யலாம். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கையும் மதிப்பிடுவார்கள். பாதிப்பு 40 சதவீதமாவது வர வேண்டும். பழைய ஓபி சீட்டுகள்தான் ஆதாரம், அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அந்தக் கவர் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

வைகைக்கரை நர்ஸ்:

ஒன்று விட்டுவிட்டேன். கட்டட வேலை, அதுவும் கத்திரி வெயில் என்றால் இந்த மருந்தும் ட்ரைஹெக்சிஃபெனிடிலும் வியர்வையைக் குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றிவிடும். நண்பகலில் நிழலில் இருக்கச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். எடை, இடுப்பளவு, பிபி, சர்க்கரை நான்கையும் முதல் நாளே எடுத்து எழுதிவிடுங்கள். பிபியை உட்கார்ந்தும் நின்றும் பாருங்கள். எழுந்தால் தலை சுற்றுகிறவர் சாரத்தில் ஏறக் கூடாது.