மறு: ஃப்ளூ வைரஸின் இருவகை மாற்றங்கள் – ‘நழுவல்’, ‘தாவல்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ளூ வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது ஆன்டிஜெனிக் ட்ரிஃப்ட், ஒரேயடியாக மாறுவது ஆன்டிஜெனிக் ஷிஃப்ட். இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு நான் தொடங்கிய இழைக்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நன்றி. இரண்டையும் ‘மாற்றம்’ என்றே எழுதிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. “போன வருஷம்தானே ஊசி போட்டேன், மறுபடியும் எதற்கு?” என்று கேட்பவருக்கான பதில் முதல் சொல்லில் இருக்கிறது. “2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது ஏன் உலகமே பதறியது?” என்பதற்கான பதில் இரண்டாவதில் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லானால் இரு பதில்களும் குழம்பிவிடும்.

> சிறுதிரிபு, பெருந்திரிபு என்று வைத்தால் எளிதாக முடிந்துவிடுமே?

எளிதுதான். ஆனால் கொரோனா காலத்திலிருந்தே ‘திரிபு’ என்றால் உருமாறிய வைரஸையே குறிக்கிறோம். அது விளைவின் பெயர், நமக்கு வேண்டியது நிகழ்வின் பெயர். அதோடு, சிறிது பெரிது என்பது அளவை மட்டும் சொல்கிறது. இங்கே நடக்கும் விதமே வேறு.

ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். ஃப்ளூ வைரஸின் ஏ வகைக்கு மரபுச்செய்தி எட்டு ஆர்என்ஏ துண்டுகளில் இருக்கிறது. எட்டு ஏடுகள் கோத்த ஒரு சுவடி என்று வைத்துக்கொள்வோம். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை பார்த்துத் திருத்தும் வேலை தெரியாது. ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்து ஈரெழுத்து பிறழும். ஏடு பெயர்த்து எழுதியவர்களால் பாடபேதம் சேர்ந்தது போலத்தான். இந்தப் பிழைகள் வைரஸின் மேல்புறத்தில் இருக்கும் ஹீமகுளுட்டினின் புரதத்தில் சேரச்சேர, அதை அடையாளம் கண்டு பிடிக்க நம் உடல் முன்பே உருவாக்கிவைத்த எதிர்ப்பொருள்களின் (ஆன்டிபாடி) பிடி தளர்ந்துகொண்டே போகிறது. இது ட்ரிஃப்ட். உலக சுகாதார நிறுவனம் வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் கூடித் தடுப்பூசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழல்வதற்குத் தமிழில் ‘நழுவல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஷிஃப்ட் அப்படியல்ல. ஒரு பன்றியின் ஒரே உயிரணுவுக்குள் பறவை வைரஸும் மனித வைரஸும் புகுந்துவிட்டால், இரண்டு சுவடிகளும் கட்டவிழ்ந்து ஏடுகள் கலந்து புதுச் சுவடி ஒன்று உருவாகலாம். (வைரஸின் பெயரில் எச் என்பது ஹீமகுளுட்டினின், என் என்பது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு மேல்புறப் புரதம்; எண்கள் அவற்றின் வகைகள்.) 1957இல் பரவிய எச்2என்2 வைரஸில் மூன்று ஏடுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை. (அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே அது சென்னைக்குள் நுழைந்தது.) 1968இல் எச்3என்2 வந்தபோது மாறியவை இரண்டே ஏடுகள், என்2 அப்படியே நின்றது. இரண்டு ஏடு மாறியதே ஒரு உலகப் பெருந்தொற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

> அப்படியானால் ஷிஃப்டுக்கு ‘வகைமாற்றம்’ போதுமே?

போதாது. 2009இல் வந்ததும் எச்1என்1தான். அப்போது ஆண்டுதோறும் சுற்றிக்கொண்டிருந்ததிலும் ஒன்று எச்1என்1. எண் மாறவில்லை, ஆனால் புதியதன் ஹீமகுளுட்டினின் பன்றிகளிடையே நெடுங்காலம் இருந்த வழியில் வந்தது. இளையவர்களின் எதிர்ப்பொருள்களுக்கு அது அந்நியம். வயதானவர்கள் பலருக்கோ சிறுவயதில் பார்த்த பழைய எச்1என்1இன் நினைவு ஓரளவு கைகொடுத்தது.

> ‘பெயர்ச்சி’ நல்ல சொல்லாயிற்றே?

முதலில் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. குருப்பெயர்ச்சி போல ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு. ஆனால் புவியியலில் கண்டப்பெயர்ச்சி என்கிறோம், அங்கே ஆங்கிலச் சொல் ட்ரிஃப்ட்! ஒரு துறையில் ட்ரிஃப்டுக்கு நின்ற சொல்லை இன்னொன்றில் ஷிஃப்டுக்கு வைத்தால் மாணவர்கள்தான் அவதிப்படுவார்கள். அதனால் ‘தாவல்’ என்கிறேன். ஏடு கலந்து வந்தாலும், விலங்கிலிருந்து முழு வைரஸே நேராக மனிதருக்கு வந்தாலும் இந்தச் சொல் தாங்கும். ‘கலப்பு’ என்றால் முதல் வழி மட்டுமே அடங்கும்.

‘ஆன்டிஜெனிக்’ என்ற முன்னொட்டுக்கு வருகிறேன். ஆன்டிஜென் என்பது எதிர்ப்பொருளை உருவாக்கத் தூண்டும் பொருள். தமிழகப் பாடநூலின் ‘எதிர்ப்பொருள் தூண்டி’யும், இந்த இழையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நினைவூட்டிய ‘பிறபொருளெதிரியாக்கி’யும் துல்லியமானவை, ஆனால் இன்னொரு சொல்லோடு சேர்த்தால் வாயில் நுழையாது. எதிர்ப்பொருள் செய்வது அடையாளம் காணுதல்தான். எனவே அடையாள நழுவல், அடையாளத் தாவல். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நிகழ்வுகளுக்குப் பெயரிட்ட இலக்கண மரபிலும் இவை ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இன்புளுயன்சா பி பெரும்பாலும் மனிதரிடையே மட்டும் சுற்றுவதால் அதில் அடையாள நழுவல் உண்டு, அடையாளத் தாவல் இல்லை; உலகப் பெருந்தொற்றுகளை உண்டாக்கியது ஏ வகையே.” தடுக்காமல் படிக்க முடிகிறது.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. விலங்கு நோய் மனிதருக்கு வருவதைச் சிலர் ‘இனத்தாவல்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்புமா? கால்நடை மருத்துவத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு அகராதியில் ஏற்றுகிறேன்.

அன்புடன்