பித்தளைப் புனலும் கறுப்புப் பெட்டியும்: கிராமபோன் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் பழைய சாமான் கடைகளில் கிராமபோனின் பளபளக்கும் பித்தளைப் புனலைக் கண்டதும் பர்ஸைத் திறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை அண்மையில் கோத்தவை. உடைந்துபோன பெட்டி கிராமபோனின் மோட்டாரை எண்கோணப் பெட்டிக்குள் பொருத்தி, மேலே புதுப் புனலைச் செருகி, எச்.எம்.வி. முத்திரையான நாய்ப் படத்தை ஒட்டிவிடுகிறார்கள். நாயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரான்சிஸ் பரோ வரைந்த அந்த ஓவியத்தில் முதலில் இருந்தது உருளை வைத்துப் பாடும் கருவி. அதன்மேல் கிராமபோனை வரைந்து கொடுத்த பிறகுதான் 1899இல் கிராமபோன் கம்பெனி வாங்கியது. படமே திருத்தப்பட்டது என்றால் பெட்டியைப் பற்றி என்ன சொல்ல!

நான் முதலில் பார்ப்பது திருகாணிகளை. நட்சத்திரத் தலை இருந்தால் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. அடுத்து ஊசியைத் தாங்கும் கை. அசலில் அது சீராகப் பருத்துக்கொண்டே போய்ப் புனலைச் சேரும். போலியில் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்த முழங்கை துருத்திக்கொண்டு நிற்கும். மோட்டார்ப் பலகையில் எதற்கும் பயன்படாத துளைகள் தெரிந்தால் வேறு விசாரணை வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு களத்து வீட்டு மச்சில் கிடந்த எச்.எம்.வி. 102. 1931இல் வந்த மாடல். மூடினால் கறுப்பு சூட்கேஸ் போலிருக்கும் என்பதால் யாரும் சீந்தவில்லை. சாவி கொடுத்தால் சுற்றியது, ஆனால் நடுநடுவே உள்ளே 'டொம்' என்று இடித்தது. ஸ்பிரிங்கில் பூசிய கிரீஸ் இறுகி, சுருள்கள் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம் அது. ஸ்பிரிங் டப்பாவை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும். பழைய கடிகாரம் பார்க்கும் மிஸ்திரியிடம் கொடுத்துக் கழுவி, கிராஃபைட் கிரீஸ் போட வைத்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தோல் பட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸின் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. கரகரப்புக்கு அதுவே காரணம். சைக்கிள் வால்வு ட்யூப்பை வெட்டி வைத்ததும் குரல் தெளிந்தது.

வேகத்துக்கு, 77 கோடுகள் போட்ட வட்ட அட்டையைச் சுழலும் தட்டின்மேல் வைத்து, சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழ் சுற்றவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கோடுகள் அசையாமல் நின்றால் நிமிடத்துக்கு 78 சுற்று, இந்தப் பழைய இசைத்தட்டுகளுக்கு வேண்டிய வேகம் அதுதான்.

சித்தூரிலிருந்து:

இசைத்தட்டுகளைப் பற்றியும் சொல்லியிருக்கலாம், ஐயா. கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் தட்டுகள் எங்கள் வீட்டில் உண்டு. கோட்டாயி பக்கத்துக்காரர் என்பதால் தாத்தாவுக்கு அவர் ஏதோ உறவினர் மாதிரி. இந்தப் பழைய தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். மெல்லிய சோப்பு நீர் போதும், நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிட வேண்டும். கஞ்சத்தனம் பார்த்தால் தேய்ந்த முனை பாட்டையே உழுதுவிடும். பிற்கால வினைல் தட்டை இதில் வைக்கவே வேண்டாம்.

வாளையாரிலிருந்து:

புனல் என்றாலே போலி என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் பெரியப்பா வீட்டில் இருப்பது பூ விரிந்த வடிவில் சாயம் பூசிய இரும்புத் தகட்டுப் புனல். சாயம் பாதி உதிர்ந்துவிட்டது. புதிதாகப் பூசலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பூசாதீர்கள். அசல்களில் தகட்டுப் புனல் ஏராளம், பித்தளையும் உண்டு. என் சந்தேகமெல்லாம் புதுப் பளபளப்பின்மேல்தான். துருவை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, மோட்டார்ப் பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.