இடப்பக்க வீல் இரண்டில் மட்டும் துருப்புள்ளி: எதைப் போட்டு எடுப்பது?

வில்லாபுரம் வாசி:
வணக்கம். என்னுடையது 2019 மாடல் ஹேட்ச்பேக், வெள்ளை நிறம், வண்டியோடு வந்த அலாய் வீல். 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக வீலில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. கடுகை அள்ளித் தெளித்தது மாதிரி, சில இடங்களில் கடுகைவிடச் சிறியதாக. ஷாம்பு போட்டுக் கழுவினால் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் ஒன்றிரண்டு உதிர்கின்றன, மற்றவை அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தேய்க்கச் சொன்னார். முன் இடது வீலில் ஒரு ஸ்போக்கில் மட்டும் போட்டுப் பார்த்தேன். புள்ளி போனது, கூடவே பளபளப்பும் போய்விட்டது. இப்போது அந்த ஸ்போக் திருநீறு பூசியது மாதிரி வெளுத்து நிற்கிறது. பயந்துபோய் அதோடு நிறுத்திவிட்டேன்.

பொங்கல் லீவில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை வண்டியில் போனோம். கடல் உப்புதான் இப்படிச் செய்திருக்குமா? புள்ளியை எடுக்க என்ன போடலாம்? திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது?

கே.கே. நகர் டிரைவர்:
உப்பேதான் சார். அரிச்சல்முனையில் அரை மணி நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் படிந்துவிடும். நான் சவாரி போய்விட்டு வந்தால் மறுநாள் காலையில் முதல் வேலை வாட்டர் வாஷ்தான். கம்பி நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், போய்விடும்.

பழைய டிங்கர்:
டிரைவர் தம்பி, கம்பி நாரை மட்டும் சொல்லாதீர்கள். பாத்திரம் தேய்க்கிற நாரை அலாயில் வைத்தால் மேலே இருக்கும் கிளியர் கோட் (பெயிண்ட்டுக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பூச்சு) முழுக்கக் கீறல் விழும். கீறலுக்குள் நாரின் இரும்புத் தூள் போய் உட்காரும். பத்து நாள் கழித்து அதுவும் துருப்பிடிக்கும். இருக்கிற துருவை எடுக்கப் போய்ப் புதுத் துருவை நட்டு வைத்த கதையாகிவிடும்.

வில்லாபுரம் தம்பிக்கு. அலாய் என்பது அலுமினியம். அலுமினியத்துக்குச் செம்பழுப்புத் துரு வராது. அது அரித்தால் வெள்ளையாகப் பூக்கும், இல்லையென்றால் கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு ஓடும். ஆகவே உங்கள் வீலில் தெரிகிற பழுப்பு, வீல் துருப்பிடித்தது இல்லை. வெளியில் இருந்து வந்த இரும்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதைப் போட்டுத் தேய்த்தாலும் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

முதலில் சொல்லுங்கள். நான்கு வீலிலும் இருக்கிறதா? பின் வீலில் டிஸ்க் பிரேக்கா, டிரம் பிரேக்கா? ஒரு காந்தத்தை வீலில் வைத்துப் பாருங்கள், ஒட்டுகிறதா? (ஒட்டினால் அது அலாயே இல்லை.)

வில்லாபுரம் வாசி:
அண்ணே, காந்தம் ஒட்டவில்லை. பின் வீல் டிரம்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் நான்கையும் குனிந்து பார்த்தேன். இடது முன், இடது பின் இரண்டில் மட்டும்தான் புள்ளி. வலது பக்கம் இரண்டும் சுத்தம். முன் வலதில் வழக்கமான கறுப்புத் தூசி இருக்கிறது, துடைத்தால் போகிறது.

பழைய டிங்கர்:
சரி, பாதி விஷயம் தெளிந்துவிட்டது.

டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசிப் பொடி பறக்கும். சூடான அந்தப் பொடி வீலில் ஒட்டி, கழுவாமல் விட்டால் பழுப்பாகும். அலாயில் பழுப்புப் புள்ளி என்றால் முக்கால்வாசி இதுதான் காரணம். ஆனால் அது முன் வீல் இரண்டிலும் வர வேண்டும். டிரம் வைத்த பின் வீலில் பொடி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே வருவது சொற்பம். உங்களுக்குப் பின் இடதில் இருக்கிறது, முன் வலதில் இல்லை. ஆகவே பிரேக்கைக் குறை சொல்ல முடியாது. உப்பும் இல்லை. கடல் காற்று இடது வலது பார்த்தா அடிக்கும்?

பேலன்சிங் வெயிட்டையும் (வீல் ஆடாமல் சுற்ற ரிம்மில் வைக்கிற சிறு எடை) ஒரு தடவை பாருங்கள். ஒட்டுகிற வெயிட் இரும்பில் வருவதும் உண்டு, அது துருப்பிடித்தால் கீழ்நோக்கிப் பழுப்புக் கோடு வடியும். ஆனால் அது ஒரே இடத்தில் கோடாகத்தான் இருக்கும், கடுகு மாதிரி சிதறாது.

வண்டியை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறீர்கள்? இடது கதவின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட்டில் புள்ளி இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு மெல்லத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு கவர் வழியாகத் தெரியும்.

கூடல்நகர்க்காரன்:
குறுக்கே ஒரு வார்த்தை. எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி. வெள்ளை வண்டி வாங்கிய புதிதில் எனக்கும் இதே புள்ளிகள், ஆனால் பானெட்டிலும் மேற்கூரையிலும். ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கிற இரும்புத் தூள்தான். கவர் போட்டு மூட ஆரம்பித்த பிறகு குறைந்தது. உங்கள் பக்கம் ரயில் உண்டா?

வில்லாபுரம் வாசி:
ரயில் இல்லை. ஆனால் டிங்கர் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதே எனக்குச் சுரீர் என்றது.

வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அதில்தான் வண்டி நிற்கும், மூக்கு எப்போதும் வீட்டைப் பார்த்து. இடது பக்கம் அடுத்த மனை. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு அங்கே தகரக் கொட்டகை போட்டு ஒரு கிரில் பட்டறை வந்தது. காலை பத்து மணிக்குக் கிரைண்டர் சத்தம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் நிற்காது. பொறி பறப்பதைத் தினமும் பார்க்கிறேன், என் வண்டி மேல் விழுகிறது என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

கவரை மாட்டித் தடவினேன். இடது கதவின் கீழ்ப்பாதி உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. வலது கதவு வழவழ.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடந்தது. அதைக் கேரி பேக்கில் சுற்றி, வண்டிக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் குட்டிச் சுவரின் மேல் ஒரு முழ நீளம் இழுத்தேன். எடுத்துப் பார்த்தால் காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது! கறுப்பு மயிர்க்கால் மாதிரி கொத்துக் கொத்தாக இரும்பு.

பழைய டிங்கர்:
அதுதான் விஷயம். கிரைண்டர் பொறி என்பது எரிந்துகொண்டே பறக்கிற இரும்புத் துணுக்கு. பெயிண்ட்டிலோ கிளியர் கோட்டிலோ பட்டதும் சூட்டில் லேசாக உருக்கி உள்ளே குத்தி உட்கார்ந்துகொள்ளும். ராத்திரிப் பனியோ தூறலோ பட்டதும் துருப்பிடிக்கும். ஷாம்புக்கு அசையாததும் அதனால்தான்.

எடுக்கிற வழி. கடையில் அயர்ன் ரிமூவர் என்று கேளுங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது தயோகிளைகோலேட் என்கிற உப்பு, பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் மருந்தில் இருக்கிற அதே சரக்கு. நாற்றம் அழுகிய முட்டையைத் தோற்கடிக்கும். வீட்டில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கையுறை கட்டாயம், காற்றோட்டமான இடமும் வேண்டும்.

வீல் ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு அடிக்கக் கூடாது, வெயிலிலும் கூடாது. நம் ஊரில் காலை ஏழு மணிக்கு முன்னால் நிழலில் வைத்து முடித்துவிடுங்கள். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி மேல் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு ஸ்ப்ரே பண்ணுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகிக் கண்ணீர் மாதிரி வழியும். பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரை விடலாம், பொதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடம். காய விடக் கூடாது, காய்ந்தால் அது தனிக் கறை. மெல்லிய பிரஷ்ஷால் தடவிவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிடிவாதமாக நிற்கிற புள்ளிக்கு இரண்டாவது தடவை. அதற்கும் போகாததை க்ளே பாரில் (வண்டி பெயிண்ட்டில் ஒட்டியதை எடுக்கிற களிமண் கட்டி) சோப்புத் தண்ணீர் விட்டு மெல்ல உருட்டி எடுக்கலாம். க்ளே கீழே விழுந்தால் மறுபடி எடுத்துத் தேய்க்காதீர்கள், மண் ஒட்டிய களிமண் உப்புத்தாளுக்குச் சமம். கதவுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆசிட் பட்ட ஸ்போக்குக்கு மருந்து இல்லை. அந்த ஆசிட் கிளியர் கோட்டைத் தாண்டி அலுமினியத்தையே தின்னும். தேய்த்து, பிரைமர், பெயிண்ட், கிளியர் என்று முறையாக அடித்தால்தான் சரியாகும். இன்னொன்று, அந்த ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு கலக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதில் வருவது குளோரின் வாயு. காருக்கு முன்னால் நமக்கு ஆபத்து.

மேலூர் மாமா:
நல்ல இழை. இதிலேயே என் சங்கதியையும் கேட்டுவிடுகிறேன். என்னுடையது 2009 வண்டி, ஸ்டீல் ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கப். கப்பைக் கழற்றினால் உள்ளே நட்டைச் சுற்றியும் விளிம்பிலும் துரு. அதோடு ஒரு வீலில் வாரத்துக்கு 8, 10 பிஎஸ்ஐ காற்று இறங்குகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், டியூப்லெஸ் டயரில் பஞ்சரே இல்லை. அதற்கும் அயர்ன் ரிமூவர் போதுமா?

பழைய டிங்கர்:
போதாது மாமா. தம்பிக்கு மேலே ஒட்டிய துரு, உங்களுக்கு உள்ளிருந்து வருகிற துரு. வைத்தியமே வேறு.

வீல் கப்பின் கிளிப் ரிம்மில் உரசிப் பெயிண்ட்டைச் சுரண்டும், அந்த இடத்தில் சேறும் ஈரமும் தங்கும். அங்கிருந்துதான் ஆரம்பம். காற்று இறங்குவதற்கு, டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அங்கே துரு செதில் செதிலாக எழும்பினால் டயர் சரியாக ஒட்டாது, ஓரத்தில் காற்று கசியும். தொட்டியில் அந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குமிழி வரும்.

டயரைக் கழற்றிவிட்டு வேலை செய்வதுதான் சரி. கம்பிப் பிரஷ்ஷால் செதிலை எடுங்கள், பிறகு 80, 120, கடைசியில் 220 நம்பர் உப்புத்தாள். பளபளவென்று இரும்பு தெரிகிற வரை தேய்த்தால் நல்லது. குழிக்குள் மிஞ்சியதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுங்கள், துரு கறுப்பாக மாறும். அதில் சில வகைகளில் இருப்பது டானின். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப் போகுமே, அதே வேலைதான். அது காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் சில்வர் வீல் பெயிண்ட். ஒரே அடியாகக் கெட்டியாக அடிக்காமல் மெல்லிசாக மூன்று கோட், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும், ரிம்மின் பின்பக்கம் ஹப்பை (வீல் மாட்டுகிற நடுப்பாகம்) தொடும் முகத்திலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பெயிண்ட் கெட்டியாக இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். எந்த ரிம்மைக் கழற்றி மாட்டினாலும் 50 கி.மீ. ஓட்டிவிட்டு நட்டை ஒரு தடவை இறுக்கம் பார்ப்பது என் வழக்கம். எவ்வளவு டார்க் (நட்டை இறுக்குகிற அளவு) என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

துரு தின்று ரிம் மெலிந்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ வெல்டிங் வைக்கிற யோசனையே வேண்டாம். ரிம்மை மாற்றிவிடுங்கள்.

கூடல்நகர்க்காரன்:
துணைக் கேள்வி. வண்டி கழுவின மறுநாள் காலையில் டிஸ்க்கே ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே, அதற்கும் ஏதாவது அடிக்க வேண்டுமா?

பழைய டிங்கர்:
எதுவும் வேண்டாம், எதுவும் அடிக்கவும் கூடாது. வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் மேல் துரு படரும். நான்கு தடவை பிரேக் பிடித்தால் துடைத்துவிடும். டிஸ்க்கில் ஆயிலோ பாலிஷோ பட்டால் பிரேக் பிடிக்காது.

வில்லாபுரம் வாசி:
ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். 500 மி.லி. பாட்டில் 600 ரூபாய் சொச்சம் ஆனது. காலை ஆறரை மணி, மனையில் இன்னும் வெயில் ஏறவில்லை. இடது பின் வீலில் அடித்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு கடுகும் ஊதாவாகி வழிய ஆரம்பித்தது, நாவல்பழச் சாறு தெளித்த மாதிரி. வலது பின் வீலில் சும்மா அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட நிறம் மாறவில்லை. நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரி மாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு தடவை அடித்ததில் முக்கால்வாசி போனது, மிச்சம் க்ளேயில். கதவில் நான்கைந்து இடத்தில் மட்டும் துணுக்கு போன பிறகும் ஊசி குத்தின மாதிரி குழி தெரிகிறது. அதை என்ன செய்வது?

பழைய டிங்கர்:
குழியில் பெயிண்ட் தாண்டிப் போயிருந்தால் டச்-அப் பெயிண்ட்டைத் தீக்குச்சி முனையால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே இருப்பது இரும்புத் தகடு, விட்டால் அதுதான் நிஜத் துருவாகும். வீலுக்கும் கதவுக்கும் வாக்ஸோ சீலன்ட்டோ ஒரு கோட் போட்டு வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அடுத்து விழுகிற தூசி சீக்கிரம் கழன்றுவரும். ஆனால் பொறி நேரே அடிக்கிற இடத்தில் எந்த வாக்ஸும் நிற்காது. வண்டியை நகர்த்துங்கள், இல்லையென்றால் பொறியை மறையுங்கள்.

கழுவுவது போர் தண்ணீரா? அப்படியானால் கழுவினதும் துணியால் துடைத்துவிடுங்கள். தானாகக் காய விட்டால் உப்புப் பூத்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அப்புறம் அதற்கு ஒரு இழை போட வேண்டி வரும்.

கே.கே. நகர் டிரைவர்:
பட்டறைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டீர்களா சார்?

வில்லாபுரம் வாசி:
சண்டை எதற்கு? காந்தத்தைத் தாடியோடு அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தன் டூவீலர் டேங்க்கைக் காட்டினார். அதில் என் வண்டியைவிட மோசமான புள்ளி. அன்று சாயங்காலமே கிரைண்டர் மேஜையைத் திருப்பிப் போட்டு, என் பக்கம் ஒரு பழைய தகர ஷீட்டை நிறுத்திவிட்டார். தார்ப்பாய்தான் கட்டுவதாக இருந்தார், பொறி பட்டால் பொத்துப் போகும் என்று நானே வேண்டாம் என்றேன். நானும் வண்டியை இப்போது ரிவர்ஸில் ஏற்றி வலது பக்கம் பட்டறையைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்துகிறேன். ஒரு மாதம் கழித்து வலது வீலைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

மிச்சம் இருந்த அரை பாட்டில் மருந்தை அவர் டேங்க்குக்குக் கொடுத்துவிட்டேன். வெளுத்த ஸ்போக் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் பெயிண்ட் அடிக்க எவ்வளவு கேட்பார்கள் அண்ணே?

பழைய டிங்கர்:
ஒரு ஸ்போக்கை மட்டும் அடித்தால் அது தனியாகத் தெரியும் தம்பி. முழு வீலுக்கும் விலை கேளுங்கள்.